தினசரிப் பயணத்துக்கு ஹெட்போன் தேர்ந்தெடுப்பது எப்படி?

ரயில் ஓடிக்கொண்டிருந்தவரை எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அடுத்த நிலையத்தில் நின்று இரைச்சல் அடங்கிய நொடியில் என் காதுக்குள் பாட்டு அலறியது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் திரும்பிப் பார்த்தார்; அவருக்கும் கேட்டிருக்கிறது. போனை எடுத்துப் பார்த்தால், வால்யூம் கோடு உச்சிக்கு ஒரு விரற்கடை கீழே நின்றது. அவ்வளவு வைத்ததாக எனக்கு நினைவே இல்லை. வண்டி வேகமெடுக்க எடுக்க, பாட்டு கேட்கவில்லையே என்று கொஞ்சம் கொஞ்சமாக நானே ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறேன். அன்று இரவு படுத்த பிறகும் காதில் 'ஙொய்' என்று ஒரு சத்தம் வெகுநேரம் இருந்தது.

அந்த இயர்போன் மோசமானது என்று சொல்ல மாட்டேன். வீட்டில், அமைதியான அறையில், அதில் கேட்ட பாட்டெல்லாம் அவ்வளவு நன்றாக இருந்தது. ஆனால் வெளிச்சத்தத்தைத் துளியும் தடுக்காத வகை அது. அதனால்தான், பயணத்துக்கு ஹெட்போன் வாங்கப் போகிறேன் என்று யார் வந்து கேட்டாலும் முதலில் ஒன்றைச் சொல்வேன்: பயணத்தில் உங்கள் வால்யூமைத் தீர்மானிப்பது சுற்றியிருக்கிற இரைச்சல். வால்யூமைக் கூட்டாமலே நிம்மதியாகக் கேட்க விடுகிற ஹெட்போன்தான் பயணத்துக்கு நல்ல ஹெட்போன். பேஸ் (தாழ்ந்த சுருதி ஒலி), நிறம், பேட்டரி, பிராண்டு எல்லாம் அதற்குப் பிறகுதான். கீழே வருகிற படிகளையும் அந்த வரிசையில்தான் அடுக்கியிருக்கிறேன்.

முதல் படி: உங்கள் பயணத்தைக் காது கொடுத்துக் கேளுங்கள்

கடைக்குப் போவதற்கு முன் இரண்டு மூன்று நாள் காதில் எதையும் மாட்டாமல் பயணம் செய்யுங்கள். என்ன சத்தம் வருகிறது என்று மட்டும் கவனியுங்கள். பஸ் இன்ஜினின் உறுமல், தண்டவாளத்தின் தடதடப்பு, ஏசியின் ஓயாத இரைச்சல் இவையெல்லாம் ஒரு வகை. தாழ்ந்த சுருதியில், ஒரே சீராக, விடாமல் வருபவை. ஹாரன், பிரேக்கின் கீச்சொலி, குழந்தையின் அழுகை, பக்கத்து இருக்கையில் நடக்கிற போன் பேச்சு ஆகியவை இன்னொரு வகை. விட்டு விட்டு, சுருதி கூடி வருபவை. முதல் வகையை அடக்க, வெளி இரைச்சலை எதிர் ஒலியால் அழிக்கிற நாய்ஸ் கேன்சலிங் என்ற வசதி நன்றாக உதவும். இரண்டாவதற்குக் காதை இறுக மூடுகிற பொருள்தான் வேண்டும். காரணத்தை நான்காம் படியில் சொல்கிறேன்.

கூடவே இதையும் பாருங்கள். மொத்தப் பயணத்தில் நடை எத்தனை நிமிடம்? எத்தனை முறை வண்டி மாறுகிறீர்கள்? உட்கார இடம் கிடைக்குமா, கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதுதானா? நிற்பவருக்கு மிச்சம் ஒரு கைதான். குட்டிப் பெட்டியைத் திறந்து, இரண்டு இயர்பட்ஸை எடுத்து மாட்டி, பெட்டியை மூடிப் பையில் போட ஒரு கை போதாது. இயர்பட்ஸ் கீழே விழுவது பெரும்பாலும் அந்த நேரத்தில்தான்.

கேட்பது பாட்டா, பேச்சா என்பதும் முக்கியம். பாட்டில் ஒரு வரி விட்டுப்போனாலும் மெட்டு நம்மை இழுத்துக்கொண்டு போய்விடும். பாட்காஸ்டிலோ ஒலிப்புத்தகத்திலோ ஒரு சொல் விட்டுப்போனால் வாக்கியமே போய்விடும். தாழ்ந்த உறுமலுக்குத் தனக்கு மேலே இருக்கிற சுருதிகளையும் சேர்த்து அமுக்கிவிடும் குணம் உண்டு. சொல்லைப் பிரித்துக் காட்டுகிற சன்னமான மெய்யொலிகள் அதில் காணாமல் போகும். குரல் கேட்கும், சொல் புரியாது. எனவே பேச்சு கேட்பவர்கள் இரைச்சல் தடுப்பில் பாட்டுக்காரர்களைவிடக் கறாராக இருக்க வேண்டும்.

இரண்டாம் படி: வகையை முடிவு செய்யுங்கள்

காதை முழுவதும் உள்ளே வைத்து மூடுகிற பெரிய ஹெட்போன், நீண்ட நேரம் உட்கார்ந்து போகிறவர்களுக்கு நல்லது. காதுக்குள் எதுவும் நுழையாது, பேட்டரி 30 மணி நேரம்கூட வரும், கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொள்ளலாம், தவறிக் கீழே விழாது. கால் கிலோ எடை தலைமேல் இருக்கும் என்பதையும், வெயிலில் நடந்தால் காது வியர்க்கும் என்பதையும் ஏற்றுக்கொள்ள வேண்டும். ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்குகிறவருக்கு இது ஒத்துவராது. சாய்ந்தால் ஒரு பக்கம் நகர்ந்துவிடும்.

கண்ணாடி அணிகிறவர்கள் கூடுதல் கவனம் எடுக்க வேண்டும். கண்ணாடிக் காம்பு மெத்தைக்கும் தோலுக்கும் நடுவில் ஒரு சின்ன இடைவெளியை உண்டாக்கும். அந்த இடைவெளி வழியாக வெளி இரைச்சல் உள்ளே வரும், உள்ளே இருக்கிற பேஸ் வெளியே போகும். அரை மணி நேரம் போனால் காம்பு அழுத்தி, காதுக்கு மேலே வலிக்கவும் செய்யும். மெத்தை மிருதுவாக இருந்தால் காம்பைச் சுற்றிப் படிந்துகொள்ளும். கண்ணாடியோடு மாட்டிப் பார்க்காமல் பெரிய ஹெட்போன் வாங்காதீர்கள்.

காதுமேல் உட்காருகிற சின்ன ஹெட்போனைப் பயணத்துக்கு நான் பரிந்துரைப்பதில்லை. காதை அழுத்தவும் செய்கிறது, சத்தத்தையும் சரியாகத் தடுப்பதில்லை.

காதுத் துவாரத்துக்குள் போய் அமர்கிற, முனையில் ரப்பர் உள்ள இயர்போன்தான் பலருக்கும் சரியான தேர்வு. ஒயர் உள்ளதாக இருக்கலாம், இயர்பட்ஸாக இருக்கலாம். சட்டைப் பையில் அடங்கும். ரப்பர் சரியாகப் பொருந்தினால், நாய்ஸ் கேன்சலிங் எதுவும் இல்லாமலே பேச்சு, கீச்சொலி போன்றவற்றை நன்றாகக் குறைத்துவிடும்.

ரப்பர் இல்லாமல் காது வாசலில் சும்மா தொங்குகிற வகை பார்க்க அதேபோலத்தான் இருக்கும். தொடக்கத்தில் சொன்னேனே, என்னிடம் இருந்தது அதுதான். அமைதியான இடத்தில் சுகமாக இருக்கும், காது அடைத்த உணர்வு வராது. ஓடுகிற பஸ்ஸில் அதில் கேட்க வேண்டுமென்றால் இரைச்சலுக்கு மேலே பாட்டை ஏற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

காதைத் திறந்தே வைக்கிற ஹெட்போன்களும், கன்ன எலும்பு வழியாக அதிர்வை அனுப்புகிற 'போன்' (bone, எலும்பு) கண்டக்‌ஷன் வகையும் முழுக்க நடந்தே போகிறவர்களுக்கு ஏற்றவை. சாலைச் சத்தம் காதில் விழுந்துகொண்டே இருக்கும். ஆனால் எலும்பு வழியாகப் போவதால் காதுக்குக் கெடுதல் வராது என்று சிலர் நம்புகிறார்கள். அது தவறு. எலும்பு வழியாகப் போனாலும், காற்று வழியாகப் போனாலும், ஒலி போய்ச் சேர்வது உட்காதில் உள்ள அதே நத்தை எலும்புக்குத்தான். சத்தம் கூடினால் பாதிப்பும் அதேதான்.

மூன்றாம் படி: ரப்பர் முனையைப் பொருத்திப் பாருங்கள்

பலரும் கோட்டை விடுவது இங்கேதான். காதுக்குள் போகிற இயர்போன் வாங்கினால், பெட்டியில் ஒரு சின்ன உறையில் வேறு அளவு ரப்பர் முனைகள் இருக்கும். ஏற்கெனவே மாட்டி வருவது நடுத்தர அளவு. அந்த உறையைத் திறக்காமலே தூக்கிப் போடுகிறவர்கள் அதிகம்.

நானும் ஒரு வருடம் அப்படித்தான் இருந்தேன். இடது பக்க இயர்பட் கொட்டாவி விட்டால் நழுவும், பேசினால் நழுவும். வலது பக்கம் அசையாது. கோளாறு பொருளில்தான் என்று நினைத்தேன். ஒருநாள் அந்த உறையைத் தேடி எடுத்து, இடது பக்கத்துக்கு மட்டும் ஒரு அளவு பெரிய முனையை மாட்டினேன். மேலே மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. இயர்பட்டைக் காதில் வைத்து லேசாகத் திருகி உள்ளே தள்ளியதும், கதவைச் சாத்தியதுபோல் மின்விசிறிச் சத்தம் அந்தக் காதில் நின்றது. பாட்டைப் போட்டால், அதுவரை தகரம் தட்டியதுபோல் கேட்ட டிரம்ஸ் நெஞ்சில் வந்து இடித்தது. அதே பொருள், அதே பாட்டு. இரண்டு காதும் ஒரே அளவாக இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது.

பொருத்துவதற்கும் ஒரு முறை இருக்கிறது. எதிர்ப்பக்கக் கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய்க் காது மடலை மேலும் பின்னுமாக லேசாக இழுங்கள். காதுத் துவாரம் கொஞ்சம் நேராகும். அப்போது இயர்போனை உள்ளே வைத்து மெல்லத் திருகி விடுங்கள். நுரையால் ஆன முனை என்றால் விரலில் உருட்டிச் சன்னமாக்கி உள்ளே வைத்து, அது விரிந்து அடைக்கிறவரை அரை நிமிடம் பிடித்துக்கொள்ளுங்கள். நுரை முனை சிலிகானைவிட நன்றாக அடைக்கும், நழுவாது. ஆனால் அழுக்குப் பிடிக்கும், சில மாதங்களில் தொய்ந்துபோகும், மாற்ற வேண்டியிருக்கும்.

சரியாக அடைத்திருக்கிறதா என்று எப்படித் தெரியும்? வாய் திறந்து இரண்டு வார்த்தை பேசுங்கள். உங்கள் குரல் குடத்துக்குள் பேசுவதுபோல் கேட்க வேண்டும். அப்புறம் ஒரு பாட்டைப் போட்டுவிட்டு இயர்போனை விரலால் மெதுவாக உள்ளே அழுத்துங்கள். அழுத்தும்போது பேஸ் கூடினால், விட்டதும் குறைந்தால், அடைப்பு போதவில்லை. அடுத்த அளவுக்குப் போங்கள். பிறகு கொட்டாவி விடுங்கள், மெல்லுவதுபோல் தாடையை ஆட்டுங்கள், தலையை உதறுங்கள். அப்போதும் அடைப்பு விடக் கூடாது. பத்து நிமிடத்தில் வலி தொடங்கினால் அது பெரிய அளவு, ஒன்று இறங்குங்கள். சில இயர்பட்ஸின் செயலியிலேயே பொருத்தத்தைச் சோதிக்கிற வசதி உண்டு. அதைப் பயன்படுத்துங்கள், ஆனால் கொட்டாவிச் சோதனையை விட்டுவிடாதீர்கள்.

இறுக்கமாக அடைப்பதில் ஒரு தொல்லையும் இருக்கிறது. நடக்கும்போது ஒவ்வொரு அடியும் தலைக்குள் 'தொம் தொம்' என்று கேட்கும். துவாரம் அடைபடும்போது எலும்பு வழியாக வருகிற நம் உடம்பின் சத்தம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கிவிடுவதால் வருவது இது. ஒயர் உள்ளதில், ஒயர் சட்டையில் உரசுகிற சத்தமும் சேரும். ஒயரைக் காதின் மேல்புறமாகச் சுற்றிக் கீழே விட்டால் உரசல் பெருமளவு குறையும். நடை அதிகம் உள்ளவர்கள் இதையும் யோசித்து முடிவு செய்யுங்கள்.

நான்காம் படி: நாய்ஸ் கேன்சலிங் தேவையா?

முதலில் அது என்ன செய்கிறது என்று பார்ப்போம். ஹெட்போனில் உள்ள மைக் வெளிச்சத்தத்தைக் கேட்கிறது. அந்த ஒலி அலை மேடு ஏறும்போது பள்ளம், பள்ளம் இறங்கும்போது மேடு என்று நேர் எதிரான இன்னொரு அலையை உள்ளே உருவாக்குகிறது. இரண்டும் சேர்ந்தால் ஒன்றை ஒன்று அழித்துக்கொள்ளும். பால் லூயெக் என்ற ஜெர்மானியர் இந்த யோசனைக்கு 1936-லேயே அமெரிக்கக் காப்புரிமை பெற்றுவிட்டார். அதை ஹெட்போனுக்குள் கொண்டுவந்ததே ஒரு பயணத்தின் தொல்லைதான். 1978-இல் சூரிக்கிலிருந்து பாஸ்டனுக்கு விமானத்தில் போன, போஸ் ஒலிக்கருவி நிறுவனத்தின் நிறுவனர் அமர் போஸ், விமானத்தில் கொடுத்த ஹெட்போனில் இரைச்சலை மீறி எதுவும் சரியாகக் கேட்காததால், அந்தப் பயணத்திலேயே இதற்கான கணக்கைப் போட ஆரம்பித்தார். அவருடைய நிறுவனம் விமானிகளுக்கான ஹெட்செட்டை விற்பனைக்குக் கொண்டுவர 1989 ஆனது.

இப்போது, முதல் படியில் சொன்ன இரண்டு வகைச் சத்தத்துக்கு வருவோம். 100 ஹெர்ட்ஸ் உறுமலின் ஒரு அலை காற்றில் சுமார் மூன்றரை மீட்டர் நீளம். 5,000 ஹெர்ட்ஸ் கீச்சொலியின் ஒரு அலை ஏழு சென்டிமீட்டர்தான். நீண்ட அலைக்கு எதிர் அலையைப் பொருத்துவது எளிது; துளி முன்பின் ஆனாலும் பெரும்பகுதி அழிந்துவிடும். குட்டி அலைக்கு அந்தத் துளித் தாமதமே மேட்டையும் பள்ளத்தையும் இடம் மாற்றிவிடும். அதனால் நாய்ஸ் கேன்சலிங் இன்ஜின், ரயில், ஏசி ஆகியவற்றின் உறுமலில் வெளுத்து வாங்கும். பேச்சிலும் ஹாரனிலும் தடுமாறும். பேச்சைக் குறைப்பது மெத்தையோ ரப்பரோ செய்கிற வேலை. அடைப்பு சரியில்லாத ஹெட்போனில் நாய்ஸ் கேன்சலிங்கை வைத்து ஒப்பேற்ற முடியாது. மூன்றாம் படியை இதற்கு முன்னால் வைத்ததன் காரணம் அதுதான்.

என் கருத்து இது. தினமும் அரை மணி நேரத்துக்கு மேல் பஸ்ஸிலோ ரயிலிலோ இருக்கிறவருக்கு இது பயனுள்ள வசதி, சந்தேகமே இல்லை. பத்து நிமிடப் பயணமோ, பெரும்பகுதி நடையோ என்றால், நன்றாக அடைக்கிற சாதாரண இயர்போனே போதும். சிலருக்கு நாய்ஸ் கேன்சலிங்கைப் போட்டதும் காதில் ஏதோ அழுத்துவதுபோல் இருக்கும். வாங்குவதற்கு முன் கால் மணி நேரமாவது மாட்டிப் பாருங்கள்.

புதிதாக வாங்குகிறவர்கள் ஏமாந்துபோகிற இடம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பெட்டியின்மேல் ஈ.என்.சி. என்று அச்சடித்திருக்கும். அது மைக்குக்கானது. நீங்கள் போன் பேசும்போது எதிர்முனையில் இருப்பவருக்கு உங்கள் பக்கத்து இரைச்சலைக் குறைத்துக் காட்டும், அவ்வளவுதான். உங்கள் காதுக்கு வருகிற சத்தத்தை அது குறைக்காது. உங்களுக்கு வேண்டியது ஏ.என்.சி., அதாவது மேலே சொன்ன நாய்ஸ் கேன்சலிங். ஒரு எழுத்து மாறினால் பொருளே வேறு.

இதற்கு நேர் எதிரான வசதி ட்ரான்ஸ்பரன்சி மோடு. மைக் பிடித்த வெளிச்சத்தத்தை உள்ளே விட்டுத் தரும். அறிவிப்பு கேட்கவும் நடத்துநரிடம் பேசவும் உதவும். சோனி 1979-இல் கொண்டுவந்த முதல் வாக்மேனிலேயே ஒரு ஆரஞ்சு நிறப் பொத்தான் இருந்தது. அதை அழுத்தினால் பாட்டு தணிந்து, பக்கத்தில் இருப்பவர் பேசுவது மைக் வழியாகக் காதில் கேட்கும். அந்தத் தேவை அன்றும் இருந்திருக்கிறது. பலர் இதற்காக ஒரு காதில் மட்டும் மாட்டிக்கொள்கிறார்கள். ஒரே காதில் கேட்டால் சத்தம் குறைவாகத் தோன்றும், கை தானாகவே வால்யூமைக் கூட்டும், அந்த ஒரு காது சேதப்படும். இரண்டிலும் மாட்டி ட்ரான்ஸ்பரன்சியைப் போட்டுக்கொள்வது எவ்வளவோ மேல்.

ஐந்தாம் படி: வாரக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்

உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்கிற பாதுகாப்பான அளவு, 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம். குழந்தைகளுக்கு 75 டெசிபலில் அதே 40 மணி. ஒலி 3 டெசிபல் கூடினால் அதன் ஆற்றல் இரண்டு மடங்கு ஆகிவிடும்; கேட்கக்கூடிய நேரம் பாதியாகிவிடும். அதாவது 83-இல் 20 மணி, 86-இல் 10 மணி, 89-இல் 5 மணி.

போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம், வாரத்துக்கு ஐந்து நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 10 மணி. 86 டெசிபலில் கேட்டால் வாரம் முழுவதற்குமான அளவு பயணத்திலேயே தீர்ந்துவிடும். வீட்டில் கேட்க மிச்சமே இல்லை. ரயில் பெட்டிக்குள் இருக்கிற இரைச்சலே 80 டெசிபலைத் தொடலாம். அதற்கு மேலே பாட்டைக் கேட்க வேண்டுமென்றால் எங்கே போய் நிற்போம் என்று எண்ணிப் பாருங்கள். உள்ளே வருகிற இரைச்சலில் 15 டெசிபலைக் குறைத்துவிட்டால் பாட்டை 70-களிலேயே வைத்துக் கேட்கலாம்.

போனில் காட்டுகிற வால்யூம் சதவீதத்துக்கும் டெசிபலுக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. ஒவ்வொரு ஹெட்போனிலும் அது மாறும். சில போன்கள் ஹெட்போன் ஒலி அளவை டெசிபலிலேயே காட்டும், உச்ச வரம்பும் வைக்க விடும். அமைப்புகளில் தேடிப் பார்த்து, வாங்கிய அன்றே வரம்பை வைத்துவிடுங்கள். காது ஒருமுறை கெட்டால் கெட்டதுதான். உட்காதின் மயிரணுக்கள் மனிதருக்கு மறுபடி முளைப்பதில்லை.

ஆறாம் படி: ஒயரா, ப்ளூடூத்தா?

ஒயர் உள்ளதற்கு சார்ஜ் வேண்டாம், தொலையாது, பல வருடம் உழைக்கும். முதல் ஹெட்போன் வாங்குகிற மாணவருக்கு நான் இதைத்தான் சொல்வேன். ஆனால் உங்கள் போனில் 3.5 மி.மீ. துளை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் யூ.எஸ்.பி.-சி முனை உள்ளதை வாங்குங்கள். கூட்டத்தில் யாருடைய பையிலோ ஒயர் மாட்டி இழுபடும். ஒயரைச் சட்டைக்குள் விட்டுக்கொண்டால் தப்பிக்கலாம். ஓம்ஸ் என்று ஒரு எண் போட்டிருப்பார்கள். 16 முதல் 32 வரை இருந்தால் போனுக்குப் பொருந்தும். 250, 300 என்று இருப்பவை தனி ஆம்ப்ளிஃபயரோடு கேட்பவர்களுக்கானவை.

ப்ளூடூத் என்றால் முதலில் பேட்டரி. இயர்பட்ஸ் ஒரு சார்ஜில் ஐந்து முதல் எட்டு மணி நேரம் வரும், பெட்டியில் வைத்தால் மறுபடி ஏறிக்கொள்ளும். பயணத்துக்கு இது தாராளம். யோசிக்க வேண்டியது பேட்டரியின் ஆயுளைப் பற்றித்தான். இயர்பட்டுக்குள் இருப்பது நகத்தைவிடச் சிறிய லித்தியம் பேட்டரி. இரண்டு மூன்று வருடத்தில் தளர்ந்துவிடும், பெரும்பாலானவற்றில் மாற்றவும் முடியாது. பெரிய ஹெட்போனில் இந்தத் தளர்ச்சி மெதுவாகத் தெரியும். சார்ஜ் தீர்ந்த பிறகும் ஒயர் மாட்டிக் கேட்க முடியுமா என்று கடையில் கேளுங்கள். சிலவற்றில் முடியும், சிலவற்றில் முடியாது.

எஸ்.பி.சி., ஏ.ஏ.சி., எல்டாக் என்று கோடெக் பெயர்கள் வரும்; ப்ளூடூத்தில் பாட்டைச் சுருக்கி அனுப்புகிற முறைகள் அவை. அமைதியான அறையில் நல்ல காது உள்ளவருக்கு வித்தியாசம் தெரியலாம். ஓடுகிற பஸ்ஸில் ரப்பர் முனையின் பொருத்தம் செய்கிற வித்தியாசத்துக்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை. இதற்காகக் குழம்ப வேண்டாம். பெட்டியில் போட்டிருக்கிற 20-20,000 ஹெர்ட்ஸ், ஸ்பீக்கர் அளவு எத்தனை மி.மீ. என்பதும் அப்படித்தான். அவற்றை வைத்து ஒலி எப்படி இருக்கும் என்று சொல்ல முடியாது.

நெரிசலான நிலையத்தில் பாட்டு விட்டு விட்டுக் கேட்டால் உடனே ஹெட்போனைக் குறை சொல்லாதீர்கள். ப்ளூடூத் அலையை மனித உடம்பு நன்றாக உறிஞ்சிக்கொள்ளும். பின் பாக்கெட்டில் இருக்கிற போனைச் சட்டைப் பைக்கோ, பையின் முன்னறைக்கோ மாற்றிப் பாருங்கள். பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

ஏழாம் படி: கையில் எடுத்துப் பாருங்கள்

தொட்டால் இயங்குகிற இயர்பட்ஸ் பார்க்க அழகு. நெரிசலில் முடி பட்டும், தொப்பி பட்டும், யாரோ தோளில் இடித்தும் பாட்டு தானாக நிற்கும். ஈர விரலைப் பல இயர்பட்ஸ் மதிப்பதே இல்லை. அழுத்துகிற பொத்தான் இருந்தால் அதையே எடுங்கள். பொத்தானைக் காதுக்குள் தள்ளி அழுத்தாமல், விரல்களுக்கு நடுவில் காம்பைக் கிள்ளி அழுத்துகிற அமைப்பு இன்னும் நல்லது.

நீர் தாங்கும் தரம் ஐ.பி.எக்ஸ்.4 என்றால் எந்தப் பக்கமிருந்து நீர் தெறித்தாலும் தாங்கும். வியர்வைக்கும் தூறலுக்கும் அது போதும். எக்ஸ் என்ற எழுத்து, தூசிக்கான சோதனை அளவு அதில் சொல்லப்படவில்லை என்பதைக் குறிக்கும். இந்த எண் பெரும்பாலும் இயர்பட்ஸுக்கு மட்டும்தான், பெட்டிக்கு அல்ல. ஈர இயர்பட்ஸைத் துடைக்காமல் பெட்டியில் வைத்தால் சார்ஜ் ஏறும் முனைகள் அரித்துவிடும்.

வழியில் அதிகம் பேசுகிறவர்கள், கடைக்கு வெளியே சாலையோரத்தில் நின்று நண்பருக்கு ஒரு அழைப்பு போட்டு, உங்கள் குரல் எப்படிக் கேட்கிறது என்று அவரிடமே கேளுங்கள். மைக்கைச் சோதிக்க அதைவிட நல்ல வழி இல்லை. ஆபீசில் லேப்டாப்போடும் இணைக்க வேண்டுமென்றால், ஒரே நேரத்தில் இரண்டு சாதனத்தோடு இணைகிற மல்டிபாயின்ட் வசதி இருக்கட்டும்.

எட்டாம் படி: எங்கே கழற்ற வேண்டும்?

சைக்கிளோ, இருசக்கர வண்டியோ, காரோ, நீங்கள் ஓட்டுகிறீர்கள் என்றால் காதில் எதுவும் வேண்டாம். பல நாடுகளில் சட்டமே தடுக்கிறது. தடுக்காத இடத்திலும் வேண்டாம். சாலையைக் கடக்கும்போது, தண்டவாளத்தைத் தாண்டும்போது, நடைமேடை ஓரத்தில் நிற்கும்போது பாட்டை நிறுத்திவிடுங்கள். ட்ரான்ஸ்பரன்சியை நம்பிக் கடக்காதீர்கள். சத்தம் கேட்கும், எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று காது வழக்கம்போல் துல்லியமாகச் சொல்லாது. இந்த ஒரு விஷயத்தில் தயவுசெய்து சமாதானம் சொல்லிக்கொள்ளாதீர்கள்.

ஒன்பதாம் படி: முதல் வாரச் சோதனை

கடையில் ஐந்து நிமிடம் கேட்டுப் பயணத்துக்கான ஹெட்போனை எடை போட முடியாது. திருப்பிக் கொடுக்க எத்தனை நாள் அவகாசம் என்று வாங்கும்போதே கேட்டுக்கொண்டு, அந்த நாட்களுக்குள் உங்கள் வழக்கமான வண்டியில் இதைச் செய்யுங்கள். வீட்டிலேயே, அமைதியான அறையில், இதமாகக் கேட்கிற அளவில் வால்யூமை வையுங்கள். அதைத் தொடாமல் வண்டியில் ஏறுங்கள். வேகம் எடுத்த பிறகும் ஒன்று இரண்டு புள்ளி மட்டும் கூட்டினால் போதும் என்றால் பொருள் தேறிவிட்டது. நான்கு, ஐந்து புள்ளி கூட்ட வேண்டியிருந்தால் முதலில் ரப்பர் முனையை மாற்றிப் பாருங்கள். அப்போதும் சரிவராவிட்டால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். நீங்கள் வழக்கமாகக் கேட்கிற வால்யூமில் பாட்டை ஓடவிட்டு, காதில் மாட்டியிருக்கும்போது வீட்டில் ஒருவரை அருகில் உட்காரச் சொல்லுங்கள். அவரால் பாட்டு என்னவென்று சொல்ல முடிந்தால் அடைப்பும் சரியில்லை, வால்யூமும் சரியில்லை. பேச்சு மட்டும் கேட்பவர்கள் செயலியில் ஈக்வலைசர் இருந்தால் பேஸைக் கொஞ்சம் இறக்கிப் பாருங்கள். குரல் தெளிவாகும், வால்யூமை இன்னும் ஒரு புள்ளி குறைக்கலாம்.

பிறகு பராமரிப்பு

வாரம் ஒருமுறை ரப்பர் முனையைக் கழற்றி லேசான சோப்புத் தண்ணீரில் அலசி, முழுவதும் உலர்ந்த பிறகு மாட்டுங்கள். நுரை முனையை ஈரத் துணியால் துடைத்தால் போதும். இயர்பட்டின் வாயில் உள்ள சன்ன வலையில் காதுக் குறும்பி படிந்தால் ஒரு பக்கம் சத்தம் குறையும். பழுது என்று பலர் புதிதாக வாங்குவது பெரும்பாலும் இதனால்தான். வலை கீழே பார்த்தபடி பிடித்துக்கொண்டு, உலர்ந்த மென்மையான பல் துலக்கும் பிரஷால் தட்டி எடுங்கள். ஊசியால் குத்தினால் குறும்பி இன்னும் உள்ளே போகும். காதில் வலியோ சீழோ இருக்கிற நாட்களில் மாட்டவே வேண்டாம். வெயிலில் நிற்கிற காருக்குள் வைத்துவிட்டுப் போகாதீர்கள், பேட்டரி சீக்கிரம் சாகும்.

தொலைவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. போனில் உள்ள 'கண்டுபிடி' வசதி பல இயர்பட்ஸில் கடைசியாக இணைப்பு இருந்த இடத்தை மட்டும்தான் காட்டும். எனவே வண்டி மாறும்போது, இறங்குவதற்கு ஒரு நிறுத்தம் முன்னதாகவே, உட்கார்ந்த இடத்திலேயே கழற்றிப் பெட்டியில் வைத்து மூடிவிடுங்கள். படியில் நின்றுகொண்டு, பின்னால் ஆட்கள் தள்ளும்போது கழற்றிய என் வலது பக்க இயர்பட் நடைமேடைக்கும் ரயிலுக்கும் நடுவில் விழுந்து போனது. அதற்குப் பிறகு நான் ஒரு நிறுத்தம் முன்னால் கழற்றிவிடுகிறேன்.